பர்ஸுக்குள் இருக்கும் கார்டிலிருந்து பணம் போகுமா? வேண்டாம் என்றால் விடுவார்களா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 6:

"பழைய டெபிட் கார்டு காலாவதியாகிவிட்டது என்று புதிது அனுப்பியிருக்கிறார்கள். ஓரத்தில் அலை மாதிரி நான்கு வளைகோடு. இந்தக் குறி இருந்தால், கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவன் மெஷினைப் பர்ஸுக்கு அருகில் காட்டியே பணத்தை எடுத்துவிடலாமாமே? இது இல்லாத கார்டு கொடுங்கள் என்று கேட்டேன். இப்போது வருவதெல்லாம் இதுதான் என்கிறார்கள். நான் கேட்காத ஒன்றை என் தலையில் கட்ட இவர்கள் யார்?"

ஜனவரி 6, இரவு

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. பயத்தைப் பற்றியது ஒன்று, கோபத்தைப் பற்றியது இன்னொன்று. பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மெஷினில் செருகாமல், அருகில் காட்டியே பணம் செலுத்தும் (டேப் செய்யும்) கார்டு இது. அதற்குள் பேட்டரி கிடையாது. ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது. இருட்டு அறையில் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் சில கார்டுகளில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். மெஷின் கிளப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலம் அந்தச் சுருளில் மின்சாரமாகி சிப்பை எழுப்புகிறது. சாதாரண மெஷினுக்கு இது சில சென்டிமீட்டருக்குள்தான் நடக்கும். சிப் தன் எண்ணைச் சொல்லும், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமே செல்லும் ரகசியக் குறியீடு ஒன்றையும் கணக்கிட்டுத் தரும். அதே குறியீட்டை இன்னொரு முறை நீட்டினால் வங்கி ஏற்காது.

ஆக, பர்ஸுக்கு அருகில் மெஷினைக் கொண்டுவந்து தொகையைத் தட்டினால் பணம் போகும்தான். ஆனால் அந்த மெஷினை வாங்க வியாபாரியாகப் பதிவு செய்ய வேண்டும், அடையாளச் சான்றும் வங்கிக் கணக்கும் காட்ட வேண்டும். பணம் உடனே கைக்கு வராது. அதற்குள் நான்கு பேர் புகார் செய்தால் கணக்கே முடங்கிவிடும். கன்னம் வைக்கப் போகிறவன் தன் விலாசத்தை வாசலில் ஒட்டிவிட்டுப் போவதைப் போன்ற வேலை. யாரும் அப்படித் திருடுவதில்லை.

ஜனவரி 7, காலை

"யாரும் அப்படித் திருடுவதில்லை" என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. பணத்தைத்தான் எடுக்க முடியாது. எண்ணை எடுக்கலாமே?

2006-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வகமும் சேர்ந்து, அமெரிக்காவில் அப்போது புதிதாக வந்திருந்த இந்த வகைக் கார்டுகளைச் சோதித்தபோது, வைத்திருப்பவர் பெயர்கூட மூடிமறைக்காமல் வெளியே வந்தது. பெயர் கொடுப்பதைப் பிற்பாடு நிறுத்திக்கொண்டார்கள். 2015-இல் பிரிட்டனின் விச் என்ற நுகர்வோர் அமைப்பு 10 கார்டுகளை எடுத்துப் பார்த்தது. எண்ணும் காலாவதித் தேதியும் கிடைத்தன. பின்பக்கத்து மூன்று இலக்கம் கிடைக்கவில்லை. அதைக் கேட்காத ஒரு ஆன்லைன் கடையில் 3,000 பவுண்டு டிவியையே ஆர்டர் செய்து காட்டினார்கள்.

ஓடிபி கேட்கும் கடைகளில் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எல்லாக் கடையும் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

ஜனவரி 7, மாலை

என் கார்டை என் போனிலேயே படித்துப் பார்த்தேன். அதற்கென்று இலவச ஆப் இருக்கிறது. மேஜையில் வைத்து போனின் முதுகைக் காட்டினால் ஒரு நொடிகூட ஆகவில்லை. பதினாறு இலக்கம், காலாவதி மாதம். என் இன்னொரு கார்டு ஒரு படி மேலே போய், கடைசியாகச் செய்த சில செலவுகளின் தேதியையும் தொகையையும் ஒப்பித்தது. கேட்டவனுக்கெல்லாம் இவ்வளவு வெகுளியாகப் பதில் சொல்லும் பொருளை இத்தனை வருடம் பின்பாக்கெட்டில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

தோல் பர்ஸுக்குள் ஒரே கார்டு: படித்தது. இரண்டு கார்டு ஒட்டினாற்போல்: போன் குழம்பி விட்டுவிட்டது. பர்ஸில் சில்லறை நிறைய: ஒரு முறை படித்தது, மூன்று முறை இல்லை. சமையலறை அலுமினியத் தாள் ஒரு சுற்று: சத்தமே இல்லை. இதற்காகவே சிறப்புப் பர்ஸ் விற்கிறார்கள். விளம்பரத்தைப் பார்த்து நான் ஒன்று வாங்கியிருந்தேன். அதிலும் படித்தது.

ஜனவரி 9

பயம் இல்லாதவன் மாதிரி எழுதிவிட்டேன். என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் என் கார்டு தொலைந்தது, பர்ஸோடு அல்ல, தனியாக. சட்டைப் பையில் வைத்திருந்தேன், குனிந்தபோது விழுந்திருக்க வேண்டும். நான் கவனிக்கும் முன் ஐந்து டேப். எல்லாமே, மெஷின் பின் நம்பர் கேட்க ஆரம்பிக்கும் வரம்புக்குச் சற்றுக் கீழே. எடுத்தவனுக்கு வரம்பு அத்துப்படி. ஆறாவதில் நின்றது, அதுவும் என்னால் அல்ல. மெஷின் பின் கேட்டிருக்கிறது, அவன் கார்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கிறான்.

கஸ்டமர் கேரில் நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒருவர் வந்தார். "கார்டு நேரில் பயன்படுத்தப்பட்டிருக்கிறதே சார்" என்றார். ஆமாம், என் நேரில் அல்ல என்றேன். ஒரு படிவம் அனுப்பினார். அதில் ஒரு கேள்வி: "உங்கள் பின் எண்ணை யாரிடமாவது பகிர்ந்தீர்களா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பின்னை யாருமே கேட்கவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதினேன். படிவத்தை ஸ்கேன் செய்தபோது ஓரம் வெட்டுப்பட்டுவிட்டதாம், திரும்ப அனுப்பச் சொன்னார்கள்.

ஏழு வாரம் கழித்து நான்குக்குப் பணம் வந்தது. ஐந்தாவதை மறுத்துவிட்டார்கள். இன்னமும் வயிறு எரிகிறது.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

ஆறாவதில் நின்றது அதிர்ஷ்டமா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். இல்லை, வங்கிகள் கணக்கு வைத்திருக்கின்றன. என் வங்கிக்குப் பொருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, டேப் ஒன்றுக்கு 50 யூரோ உச்சம். கடைசியாகப் பின் போட்டதற்குப் பிறகு சேர்ந்த தொகை 150 யூரோவைத் தாண்டினாலோ, தொடர்ந்து ஐந்து டேப் ஆகிவிட்டாலோ மறுபடி பின் கேட்க வேண்டும். இரண்டில் எதை எண்ணுவது என்பது வங்கியின் இஷ்டம். என் வங்கி எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது போல.

ஜனவரி 12

ஒரு வெட்கக்கேடு.

ஐந்து என்று எழுதிவிட்டு, சரிபார்க்கலாமே என்று பழைய ஸ்டேட்மென்டை எடுத்தேன். மறுத்த அந்த ஐந்தாவது என்னுடையதேதான். வண்டி நிறுத்துமிடத்து மெஷினில் நானே டேப் செய்தது. ஸ்டேட்மென்டில் ஏதோ ஒரு கம்பெனியின் பதிவுப் பெயரோடு இரண்டு நாள் தள்ளி ஏறியிருக்கிறது. பெயரும் புரியவில்லை, தேதியும் பொருந்தவில்லை, திருட்டில் சேர்த்துவிட்டேன். ஒரு வருடமாக அந்த வங்கியைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் திட்டியிருக்கிறேன்.

ஆனால் இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபட்டது. சில மெஷின்கள் டேப் செய்த நொடியில் வங்கியைக் கேட்பதில்லை. சிப்பும் மெஷினும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு, கணக்கை அப்புறம் மொத்தமாக அனுப்பும். வேகம் வேண்டிய இடங்களில், இணையம் சரியாக வராத இடங்களில் அப்படி வைக்கிறார்கள். அதனால் கார்டை முடக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. முடக்கிய செய்தி வங்கியில் இருக்கிறது, வங்கியையே கேட்காத மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? கார்டு தொலைந்தவர்கள் முடக்கிய பிறகும் சில வாரம் ஸ்டேட்மென்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஜனவரி 13

கோபத்தைப் பற்றிய கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன்.

பிரிட்டனில் 2007-இல் டேப் வந்தபோது பின் இல்லாமல் 10 பவுண்டு வரைதான். 2010-இல் 15, 2012-இல் 20, 2015-இல் 30. 2020 ஏப்ரலில், எதையும் தொடவே எல்லாரும் பயந்த நாளில், 45. 2021 அக்டோபரில் ஒரே தாவலாக 100. பர்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் அதேதான், தொலைந்தால் போகிற தொகை மட்டும் பத்து மடங்கு. கார்டு வைத்திருந்தவரை யாராவது கூப்பிட்டு "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்களா? பூட்டு நம் வீட்டுக் கதவில், சாவியை எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பதை முடிவு செய்வது வேறு ஆள். உங்கள் கோபம் நியாயம்தான்.

இந்தியாவில் வேறு மாதிரி செய்தார்கள். வரம்பை அங்கேயும் ஏற்றினார்கள்: 2015-இல் 2,000 ரூபாய் என்று இருந்தது, 2021 ஜனவரி 1 முதல் 5,000. ஆனால் அதற்கு முன்பே, 2020 ஜனவரியில், ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. புதிதாகத் தரும் கார்டு, மாற்றித் தரும் கார்டு எதுவானாலும், ஆரம்பத்தில் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினில் செருகியும் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். டேப், ஆன்லைன், வெளிநாடு எல்லாம் மூடியே இருக்கும், வேண்டியவர் தானே திறந்துகொள்ள வேண்டும். திறக்கவும் மூடவும் எந்த நேரமும் வழி இருக்க வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது.

எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. டேப் நல்லதா கெட்டதா என்று சண்டை போட வேண்டாம். முதல் தடவை அதைத் திறக்கிற கை என்னுடையதாக இருக்க வேண்டும். என் வங்கி இருக்கும் நாட்டில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

ஜனவரி 13, இரவு

கத்தரிக்கோலால் கம்பிச் சுருளை வெட்டிவிடலாமே என்று யோசனை சொன்னவருக்கு: ஆமாம், ஓரத்தில் சரியான இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு போட்டால் சுருள் அறுந்து டேப் செத்துவிடும். ஒரு பழைய கார்டில் செய்து பார்த்தேன், போன் படிக்கவில்லை. சிப் இன்னும் செருகினால் வேலை செய்கிறதா? காலாவதியான கார்டில் அதைச் சோதிக்க முடியாது என்பது வெட்டிய பிறகுதான் உறைத்தது. தவிர, கார்டு வங்கியின் சொத்து என்று ஒப்பந்தத்தில் இருக்கும். நாளைக்குத் தகராறு வந்தால் அந்த வெட்டையே காட்டுவார்கள்.

ஜனவரி 17

வரம்புதான் இருக்கிறதே, அதற்கு மேல் எப்படிப் போகும் என்கிறார் ஒருவர். வரம்பை நான் அவ்வளவு நம்பவில்லை.

2014-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் பிரிட்டன் விசா கார்டு ஒன்றிடம் வெளிநாட்டு நாணயத்தில் கேட்டார்கள். பவுண்டு என்றால் நிறுத்தும் கார்டு, வேறு நாணயம் என்றதும் 999,999.99 வரை பின் கேட்காமல் தலையாட்டியது. வங்கி பின்னால் தடுத்திருக்கும் என்று விசா சொன்னது, அது வேறு. கார்டு தலையாட்டியதல்லவா? 2020-இல் சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஆண்ட்ராய்டு போன்களை நடுவே வைத்து, பின் வேண்டாம், ஆளை அவர் போனிலேயே சரிபார்த்தாயிற்று என்று மெஷினை நம்பவைத்தார்கள். ஒரு போன் கார்டிடம் மெஷின் வேஷம், இன்னொன்று மெஷினிடம் கார்டு வேஷம். நடுவில் ஒரு சின்னப் பொய். ஆள்மாறாட்டக் கதை.

இவை ஆய்வகத்தில் நடந்தவை. தெருவில் பெரும்பாலும் நடப்பது எனக்கு நடந்தது போன்றதுதான்: தொலைந்த கார்டு, வரம்புக்குள் சில டேப், சீக்கிரம் ஓட்டம்.

ஜனவரி 18

"அப்படியானால் கார்டுக்குப் பதில் போனைக் காட்டிச் செலுத்துவதுதான் பாதுகாப்பு" என்கிறார் ஒரு வாசகர். பாதிக்கு மேல் சரி. போனில் உண்மையான கார்டு எண் வெளியே போவதில்லை, அந்தப் போனுக்கென்று தனி எண். விரலோ முகமோ கேட்கும். ஆனால் 2021-இல் பர்மிங்காம், சர்ரே பல்கலைக்கழகத்தார், பயண அவசரத்துக்காகப் பூட்டைத் திறக்காமலே செலுத்தவிடும் அமைப்பை ஏமாற்றி, பூட்டிய ஐபோனிலிருந்த விசா கார்டிலிருந்து 1,000 பவுண்டு எடுத்துக் காட்டினார்கள். அவசரத்துக்கென்று வைத்த குறுக்கு வழி.

இன்னொன்று இதைவிட எனக்குப் பயம். 2024-இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் என்கேட் என்ற ஆண்ட்ராய்டு கள்ளச் செயலியைப் பற்றி எழுதியது. செக் நாட்டு வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று போன் வரும். உங்கள் கார்டுக்கு ஆபத்து, இந்த ஆப்பைப் போடுங்கள், பின்னை மாற்றிக்கொள்ளுங்கள், கார்டைப் போனின் முதுகில் வையுங்கள் என்பார்கள். வைத்த நொடியில் கார்டு பேசுவதெல்லாம் இன்னொரு ஊரில் ஏடிஎம் முன்னால் நிற்பவனின் போனுக்குப் போகும். பின்னையும் நாமே தட்டிக் கொடுத்திருப்போம்.

கூட்டத்தில் மெஷினோடு நிற்பவனைத் தேடிக்கொண்டிருந்தோம். இதில் மெஷின் நம் போன், அதைப் பிடித்திருப்பது நம் கை.

ஜனவரி 19

இழந்த பணத்துக்கு யார் பொறுப்பு என்று தனியாகக் கேட்டவருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டத்தில், அழுத்தமான அடையாளச் சோதனையை (கார்டோடு பின்னும் கேட்பது போல) வங்கி கேட்காமல் விட்டிருந்தால், வாடிக்கையாளரே மோசடி செய்தாலொழிய அவர் இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை. டேப்புக்கும் இதே நியாயம்தான்: பின் வேண்டாம் என்று முடிவெடுத்தவர் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளட்டும். இந்தியாவில் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு நாளை எண்ணியது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், வங்கித் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பு கிடையாது, 4 முதல் 7 என்றால் ஓரளவு. நிரூபிக்க வேண்டியது வங்கி. குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுகிறவர்கள் (நான்தான்) இந்த நாள்கணக்கைக் கவனிக்கவும்.

ஜனவரி 24

இதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று. என் ஆப்பில் டேப்பை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது. 7-ஆம் தேதியே அணைத்துவிட்டேன். நேற்று மறுபடி போட்டேன்.

இந்த இரண்டு வாரத்துக்கு மேல் போன இடமெல்லாம் கார்டைச் செருகிப் பின் தட்டினேன். மூன்றாவது நாள் கவனித்தேன்: வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சும்மாத்தான் பார்த்திருப்பார், ஆனாலும். தலைக்கு மேல் கேமரா வேறு. டேப் செய்த கார்டு தொலைந்தால் நான்கைந்து சின்னத் தொகை. பின் தெரிந்த பிறகு தொலைந்தால் ஏடிஎம்மில் கணக்கே காலி. எல்லா இடத்திலும் பின்னைத் தட்டித் தட்டி, பெரிய சாவியை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இன்னொன்று. என் அப்பாவுக்குக் கை நடுங்கும். நான்கு இலக்கம் தட்டுவதற்குள் இரண்டு முறை தவறிவிடும், பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள், மூன்றாவது தவறினால் கார்டு பூட்டிக்கொள்ளும். டேப் வந்த பிறகுதான் அவர் மறுபடி தனியாகக் கடைக்குப் போகிறார். பொத்தானே இல்லாத கண்ணாடித் திரையில் பின் கேட்கும் மெஷின் முன்னால் பார்வையற்றவர் என்ன செய்வார்? 13-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்தால் டேப் என்றாலே வங்கியின் சதி என்ற தொனி. அது சரியில்லை. "மூடி வைத்துத் திறக்கவிடு" என்பதில் மட்டும் மாற்றமில்லை.

இப்போது என் ஏற்பாடு: டேப் திறந்திருக்கிறது, வரம்பை ஆப்பில் மிகக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். நிறைய பணம் இருக்கும் கணக்கின் கார்டில் மூடியிருக்கிறது, அது வீட்டிலேயே இருக்கும்.

ஜனவரி 25

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். கிளையில் என்ன வார்த்தை சொல்லிக் கேட்பது என்கிறார்.

"அந்தக் குறி இல்லாத கார்டு" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் வரும், அவர்களிடம் அப்படி அச்சிட்டதே இருக்காது. "டேப் பரிவர்த்தனையை நிறுத்துங்கள், நிறுத்தியதற்குப் புகார் எண் மாதிரி ஒரு எண் கொடுங்கள்" என்று கேளுங்கள். முதலில் ஆப்பில் கார்டு அமைப்புக்குள் தேடுங்கள். பாதி நேரம் அங்கேயே ஒளிந்திருக்கும், கிளையில் இருப்பவருக்கே தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். நான் டேப்பை அணைத்து வைத்திருந்த நாட்களில் ஒரு முறை போனைக் காட்டினேன். பதினாறு இலக்கமும் அப்படியே வந்தது. சுவிட்ச் வங்கியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கார்டில் இல்லை. எண்ணை ஒப்பிப்பதை கார்டு நிறுத்தவில்லை. அலுமினியத் தாள் இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 3

என் கார்டும் காலாவதி. புதிது தபாலில் வந்தது. பதிவு செய்து முடித்ததும் ஆப்பைத் திறந்து பார்த்தேன். டேப் சுவிட்ச் ஆன். நான் இறக்கி வைத்த வரம்பு இல்லை, உச்சத்தில் நிற்கிறது. வீட்டிலேயே கிடக்கும் அந்த இன்னொரு கார்டுக்கும் புதிது வந்திருக்கிறது. அதிலும் ஆன்.

இரண்டையும் இறக்கிவிட்டு இதை எழுதுகிறேன். அப்பாவுடையதை இன்னும் பார்க்கவில்லை.